வேகம் கூட்டிய கணனி: எந்த வோல்ட்டைப் பார்த்து வாங்குவது?

பாவித்த கணனிகளை வாங்கி விற்கும் சகோதரர்கள் பலர் ஒரே முறைப்பாட்டைத்தான் வெவ்வேறு விதமாகச் சொல்கிறார்கள். "நானா, பெட்டியைத் திறந்து பார்த்தேன், சாமான் எல்லாம் அசல். கடையில் இரண்டு மணித்தியாலம் ஓடவிட்டேன், ஒரு குறையும் இல்லை. வாங்கிக்கொண்டு போனவர் மூன்று கிழமையில் திருப்பிக் கொண்டுவந்து வைக்கிறார். வேலை செய்துகொண்டிருக்கும்போதே நீலத் திரை வந்து நின்றுவிடுகிறதாம்." பிறகு ரெம்மை மாற்றிப் பார்ப்பார்கள், ஹார்ட் டிஸ்கை மாற்றிப் பார்ப்பார்கள், விண்டோஸைத் திரும்பப் போடுவார்கள். கடைசியில் நட்டம் கடைக்காரருக்கு.

இவ்வாறு திரும்பி வரும் பெட்டிகளில் பெரும்பாலும் யாரும் எட்டிப் பார்க்காத ஓரிடம் இருக்கிறது. அது புரொசஸருக்குப் போகும் வோல்டேஜ். கணனி விளையாட்டுக்கும் வீடியோ எடிட்டிங்குக்கும் பாவித்த பெட்டிகளில், ஓவர்குளொக் செய்து வேகம் கூட்டப்பட்டவை நிறைய உண்டு. 2022 இல் டொலரின் விலை 200 ரூபா அளவில் இருந்து 360 ரூபா அளவுக்கு ஏறியபோது புதுச் சாமான் பலருக்கு எட்டாக் கனியானது. ஸ்டூடியோக்காரரும், அச்சகக்காரரும், பிள்ளைக்கு ஒரு நல்ல கணனி வேண்டும் என்ற தகப்பனும் பாவித்த சாமானைத் தேடி வந்தார்கள். ஒரு பெட்டிக்கு இலட்சக்கணக்கில் பணம் போடும் வியாபாரி அதன் உள்ளே என்ன நடந்திருக்கிறது என்பதை ஓரளவுக்காவது அறிந்திருக்க வேண்டும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். வோல்டேஜ் என்றதும் நம்மவர்கள் சுவரில் வரும் 230 வோல்ட்டை நினைத்து, "ஸ்டெபிலைஸர் போட்டிருக்கிறேன், பிரச்சினை வராது" என்கிறார்கள். நான் சொல்வது அதுவல்ல. பவர் சப்ளை சுவர் மின்சாரத்தை 12 வோல்ட்டாக்கிக் கொடுக்க, மதர்போர்ட் அதை இன்னும் இறக்கி, ஏறக்குறைய ஒரு வோல்ட் அளவில் புரொசஸருக்குக் கொடுக்கின்றது. இதைத்தான் வீகோர் என்பார்கள். இங்கே 0.1 வோல்ட் என்பதே பெரிய வித்தியாசம்.

புரொசஸருக்குக் கம்பனி ஒரு வேகம் நிர்ணயித்து அனுப்புகிறது. அதற்கு மேல் ஓட்டுவதே ஓவர்குளொக்கிங். 1998 இல் வந்த இன்டெல் செலரோன் 300ஏ என்ற 300 மெகாஹேர்ட்ஸ் புரொசஸரை, மதர்போர்ட் பஸ் வேகத்தை 66 இலிருந்து 100 ஆக்கி, 450 மெகாஹேர்ட்ஸில் ஓட்டியவர்கள் உலகெங்கும் இருந்தார்கள். குறைந்த விலைச் சாமானில் கூடிய விலைச் சாமானின் வேலை! அந்த ஆசை இன்னும் போகவில்லை. இன்று இன்டெல்லில் பெயரின் கடைசியில் 'கே' எழுத்து உள்ளவற்றையும், ஏஎம்டி ரைசனில் பெரும்பாலானவற்றையும் இப்படி ஓட்டலாம். 'கே' இல்லாத சாதாரண இன்டெல் போட்ட, அலுவலகங்களில் இருந்து கழிக்கப்படும் பெட்டிகளை இப்படி வேகம் கூட்டுவது அநேகமாக முடியாது. அவற்றை மட்டுமே வாங்கி விற்பவர் இந்தக் கட்டுரையில் கண்விழிக்கத் தேவையில்லை. சூட்டைப் பார்த்தால் போதும்.

வேகத்தைக் கூட்டினால் ஓரளவுக்கு மேல் புரொசஸர் தடுமாறும். தடுமாறாமல் இருக்க வோல்ட்டைக் கூட்ட வேண்டும். செலவு அங்கேதான் ஏறுகிறது. புரொசஸர் தின்னும் மின்சாரம் வேகத்தோடு நேராகவும், வோல்ட்டோடு இருமடிப் பெருக்கமாகவும் ஏறும். 4.5 கிகாஹேர்ட்ஸில் 1.20 வோல்ட்டில் ஓடிய ஒன்றை 5.0 கிகாஹேர்ட்ஸுக்கு ஏற்றி 1.35 வோல்ட் கொடுத்தால், வேகத்தில் கிடைத்த இலாபம் 11 வீதம். மின்சாரமும் சூடும் கூடியது ஏறக்குறைய 40 வீதம். இந்தக் கணக்கை எந்த வியாபாரியிடம் காட்டினாலும் வேண்டாம் என்றுதான் சொல்வார். ஆனால் வாலிபர்கள் வியாபாரிகள் அல்லர்.

சூட்டை விசிறியாலும் தண்ணீர்க் குளிராக்கியாலும் இறக்கிவிடலாம். வோல்ட் செய்யும் தேய்மானத்தை அப்படி இறக்க முடியாது. சில்லின் உள்ளே உள்ள காப்புப் படலங்கள் அணுக்களை எண்ணிவிடக்கூடிய அளவுக்கு மெல்லியவை. கூடிய வோல்ட்டில் அவை கொஞ்சம் கொஞ்சமாகப் பலவீனமடைகின்றன. மெல்லிய உலோகப் பாதைகளில் கூடிய மின்னோட்டம் பாயும்போது உலோக அணுக்களே இடம்பெயர்கின்றன. சூடு இதை விரைவுபடுத்தும். இதன் விளைவு ஒரே நாளில் தெரியாது. நேற்று 1.25 வோல்ட்டில் ஒழுங்காக ஓடிய புரொசஸர், அதே வேகத்துக்கு ஒரு வருடம் கழித்து 1.30 கேட்கும். கொடுக்காவிட்டால் நீலத் திரை.

இனி அளவீட்டுக்கு வருவோம். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் எச்டபிள்யூ இன்ஃபோ என்ற மென்பொருளைப் போட்டுப் பார்த்தால் ஒரே புரொசஸருக்கு இரண்டு மூன்று வோல்டேஜ் காட்டும். ஒன்று 1.38, மற்றது 1.29. பலர் இதில்தான் குழம்பிப் போகிறார்கள்.

அரிசி வியாபாரிக்கு இது விளங்கும். சாக்கில் அச்சடித்த நிறை ஒன்று, கடைத் தராசு காட்டும் நிறை இன்னொன்று. வீ.ஐ.டி. என்று காட்டப்படுவது சாக்கில் அச்சடித்த நிறையைப் போன்றது. "எனக்கு இவ்வளவு வோல்ட் வேண்டும்" என்று புரொசஸர் கேட்கும் அளவு அது. கிடைத்த அளவல்ல. பயோஸில் ஒருவர் வோல்ட்டைக் கையால் நிலையாக வைத்திருந்தால் வீ.ஐ.டி.க்கும் உண்மைக்கும் சம்பந்தமே இல்லாமலும் போகலாம். வீகோர் என்று காட்டப்படுவது மதர்போர்ட்டில் உள்ள ஒரு சிறு சில் அளந்து சொல்வது. அது கடைத் தராசு. பார்க்க வேண்டியது இதைத்தான். ஆனால் தராசை எங்கே வைத்து நிறுக்கிறார்கள் என்பதும் முக்கியம். பல மதர்போர்ட்கள் புரொசஸருக்கு வெளியே, சொக்கட்டுக்குப் பக்கத்தில் அளக்கின்றன. வேலைப் பளு ஏறும்போது வழியில் கொஞ்சம் வோல்ட் இழக்கப்படுவதால், சில்லுக்குள் சேர்வது திரையில் காட்டுவதைவிடக் குறைவாக இருக்கும். விலை கூடிய சில மதர்போர்ட்களில் சில்லுக்குள் இருந்தே அளக்கும் வசதி உண்டு. ரைசனில் 'எஸ்.வி.ஐ.2 டி.எஃப்.என்' அல்லது 'எஸ்.வி.ஐ.3 டி.எஃப்.என்' என்ற பெயரோடு வரும் வரியைப் பாருங்கள்.

எல்லோரும் வைத்திருக்கும் சிபியு-இஸட் மென்பொருளில் ஒரு வரிதான் காட்டும். சில மதர்போர்ட்களில் அது வீ.ஐ.டி.யாகவே இருக்கின்றது. ஆகவே விற்பவர் கைத்தொலைபேசியில் அனுப்பும் சிபியு-இஸட் படத்தை மட்டும் நம்பி முற்பணம் கொடுக்க வேண்டாம்.

பொய்ச் சாட்சி சொல்லும் வரிகளும் உண்டு. பவர் சப்ளையின் 12 வோல்ட்டை மென்பொருள் 8 வோல்ட் என்று காட்டினால் பயந்துவிடாதீர்கள். உண்மையில் 8 வோல்ட் என்றால் அந்தக் கணனி எழும்பியே இருக்காது. அனுமதிக்கப்பட்ட எல்லை ஐந்து வீதம், அதாவது 11.4 முதல் 12.6 வரை. சந்தேகம் என்றால் பழைய நான்கு முள் மின் இணைப்பில் மஞ்சளுக்கும் கறுப்புக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். புரொசஸர் வோல்ட்டை மல்டிமீட்டரால் அளக்க முயல வேண்டாம். கம்பி நுனி ஒரு இழை வழுக்கினால் மதர்போர்ட் போய்விடும்.

எப்போது அளக்கிறோம் என்பதிலும் விடயம் இருக்கிறது. பயோஸில் 1.30 என்று வைத்த வோல்ட், சும்மா இருக்கும்போது 1.29 ஆகவும் முழு வேலையில் 1.22 ஆகவும் காட்டலாம். இது கோளாறு அல்ல. வேலைப் பளு திடீரென நீங்கும்போது வோல்ட் மேலே துள்ளாமல் இருப்பதற்காக வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. லோட் லைன் கலிபிரேஷன் என்ற அமைப்பை உச்சத்தில் வைத்தால் இந்த இறக்கம் மறைந்து, 1.30 அப்படியே நிற்கும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் பளு நீங்கும் கணத்தில் வோல்ட் அதற்கு மேலே துள்ளுவதை இந்த மென்பொருள்கள் பிடிக்காது, ஏனெனில் அவை ஒன்றிரண்டு விநாடிக்கு ஒரு முறைதான் பார்க்கின்றன. ஆகவே பயோஸில் இந்த அமைப்பு உச்சத்தில் இருந்தால் திரையில் காணும் இலக்கத்தோடு இன்னும் கொஞ்சம் கூட்டி மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, எத்தனை வோல்ட் வரை பாதுகாப்பு? எல்லோரும் ஒரு இலக்கத்தை எதிர்பார்க்கிறார்கள். அப்படி ஒன்று இல்லை. ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒன்று. 2002 இல் வந்த நோர்த்வுட் பென்டியம் 4 க்கு வழமை 1.5 வோல்ட் அளவு. 1.7 க்கு மேல் கொடுத்தவர்களின் புரொசஸர்கள் சில மாதங்களில், சில வேளை சில கிழமைகளில், திடீரென்று செத்துப்போனதால் அந்தச் சாவுக்கே ஒரு பெயர் வைத்தார்கள். 2008 இல் வந்த கோர் 2 டுவோ ஈ8400 போன்றவற்றுக்கு இன்டெல் குறிப்பிட்ட உச்சம் 1.3625. 2017 இல் வந்த முதல் ரைசனுக்கு நாளாந்தப் பாவனைக்கு ஏஎம்டி சொன்ன அளவு 1.35, 1.45 வரை போகலாம், ஆனால் ஆயுள் குறையலாம் என்றும் சொன்னது. சில் சிறிதாகச் சிறிதாகத் தாங்கும் எல்லையும் இறங்கி வருகின்றது. பழைய பென்டியம் காலத்து இலக்கத்தை மனதில் வைத்துக்கொண்டு "1.45 தானே" என்று சொல்பவரிடம் கவனமாக இருங்கள்.

இன்டெல் ஆவணத்தில் 1.52 என்று இருப்பதைக் காட்டி அதுவரை பாதுகாப்பு என்று வாதிடும் வாலிபர்களும் உண்டு. பல தலைமுறைகளுக்கு அந்த ஆவணத்தில் இருந்த 1.52, புரொசஸர் கேட்கக்கூடிய அளவுகளின் பட்டியல் முடியும் இடம். நாள் முழுக்க, எல்லாக் கோர்களும் வேலை செய்யும்போது அந்த வோல்ட்டில் ஓட்டலாம் என்பது அதன் அர்த்தமல்ல. லொறியின் வேகமானியில் 160 என்று எழுதியிருப்பதற்காகக் கடுகண்ணாவ ஏற்றத்தில் யாரும் 160 இல் போவதில்லை.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. 2019 இல் வந்த ரைசன் 3000 வரிசையில் சும்மா இருக்கும்போதே 1.45 வரை காட்டுவதைப் பார்த்துப் பலர் பதறினார்கள். ஒன்றிரண்டு கோர்கள் மட்டும் கண நேரம் வேகமெடுக்கும்போது அது வழமை என்று ஏஎம்டி விளக்கம் கொடுத்தது. அப்போது பாயும் மின்னோட்டம் சிறிது, அதனால் பாதிப்பும் சிறிது. முழு வேலையில் அதே புரொசஸர் தானாகவே 1.3 அளவுக்கோ அதற்குக் கீழேயோ இறங்கும். யாராவது கையால் 1.45 ஐ நிலையாக வைத்து எல்லாக் கோர்களையும் ஓட்டியிருந்தால்தான் ஆபத்து. இரண்டிலும் திரையில் தெரிவது ஒரே 1.45. இதற்காகத்தான் முழு வேலை கொடுத்து அளக்கச் சொல்கிறேன்.

அண்மைய இரண்டு விடயங்களை வாங்குபவர்கள் அவசியம் அறிந்திருக்க வேண்டும். 2023 இல் ரைசன் 7000 எக்ஸ்3டி புரொசஸர்கள் சில சொக்கட்டோடு சேர்ந்து கருகின. ரெம்மின் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்போ அமைப்பைப் போட்டபோது சில மதர்போர்ட்கள் எஸ்ஓசி வோல்ட்டை அளவுக்கு மீறி ஏற்றியிருந்தன. அதன் பின் ஏஎம்டி அதை 1.3 க்கு மேல் போகாமல் பயோஸ் மூலம் பூட்டியது. பழைய பயோஸோடு வரும் பெட்டியைப் புதுப்பிக்காமல் விற்கக் கூடாது.

மற்றது இன்டெல்லின் 13 ஆம், 14 ஆம் தலைமுறை டெஸ்க்டொப் புரொசஸர்கள். ஐ9-13900கே, 14900கே ஆகியவற்றில் ஓவர்குளொக் எதுவும் செய்யாதவர்களுக்கே கோளாறு வந்தது. புரொசஸர் தானாகவே அளவுக்கு மீறிய வோல்ட்டைக் கேட்டு வாங்கித் தேய்ந்திருந்தது. 2024 ஓகஸ்ட்டில் 1.55 வோல்ட்டுக்கு மேல் கேட்காதபடி இன்டெல் திருத்தம் வெளியிட்டது. செப்டம்பரில் '12பி' என்று முடியும் திருத்தமும் 2025 இல் '12எஃப்' என்று முடியும் திருத்தமும் வந்தன. மைக்ரோகோட் என்ற வரியில் இதைப் பார்க்கலாம். திருத்தம் இனிமேல் வரும் தேய்மானத்தைத்தான் தடுக்கும். ஏற்கெனவே தேய்ந்ததைச் சுகப்படுத்தாது.

இப்போது முதலில் சொன்ன முறைப்பாட்டுக்கு வருகிறேன். கடையில் நன்றாக ஓடிய பெட்டி வீட்டில் ஏன் நிற்கிறது? ஒரு காரணம் லேசானது. கடையில் ஏசி 23 பாகை செல்சியஸ், வாங்கியவர் வீட்டு அறை 32. உள்ளே சூடும் ஏறக்குறைய அதே அளவு ஏறும். மற்றக் காரணத்தில்தான் கள்ளம் இருக்கிறது. தேய்ந்துபோன புரொசஸருக்குக் கொஞ்சம் வோல்ட் கூட்டிக் கொடுத்தால் அது மறுபடியும் ஒழுங்காக ஓடுவது போலக் காட்டும். முறிந்த கதிரைக் காலுக்கு முட்டுக் கொடுப்பது போலத்தான். இந்த முட்டு எழுதப்பட்டிருப்பது பயோஸ் அமைப்பில். மதர்போர்ட்டில் உள்ள சி.ஆர்.2032 என்ற சிறு பட்டறி பழுதாகி, சுவர் மின்சாரமும் இல்லாமல் பெட்டி கிடந்தால் அந்த அமைப்பு அழிந்து வழமை நிலைக்குத் திரும்பிவிடும். யாராவது பயோஸைப் புதுப்பித்தாலும் அப்படித்தான். அந்தக் கணத்தில் முட்டு விழுகிறது, நீலத் திரை தொடங்குகிறது. வாங்கியவர் உங்களைத் தேடி வருகிறார்.

ஆகவே காசு கைமாறுவதற்கு முன் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். விற்பவர் முன்னிலையிலேயே பயோஸுக்குள் போய் ஒவ்வொரு பக்கத்தையும் கைத்தொலைபேசியில் படம் எடுங்கள். வோல்டேஜ் 'ஓட்டோ' என்று இருக்கிறதா, கையால் வைத்த இலக்கம் இருக்கிறதா, 'ஒஃப்செட்' என்ற பெயரில் ஏதும் கூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். குறைத்திருந்தால் நல்லது, விபரம் தெரிந்தவரின் பெட்டி. வேகம் கூட்டியும் வோல்ட் கூட்டியும் இருந்தால் அது வழமையான ஓவர்குளொக், விலையில் கதைக்கலாம். வேகம் வழமையாக இருந்து வோல்ட் மட்டும் கூட்டப்பட்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள். எனக்குத் தெரிந்தவரை அதற்கு நல்ல பதில் அபூர்வம்.

பிறகு சினிபெஞ்ச் போன்ற ஒன்றை அரை மணித்தியாலம் ஓடவிட்டு, முழு வேலையில் வீகோர் எவ்வளவு, சூடு எவ்வளவு என்று எழுதிக்கொள்ளுங்கள். இன்டெல்லில் 100 பாகையையும், ரைசன் 7000 இல் 95 பாகையையும் தொட்டால் புரொசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதன் பின் பயோஸில் எல்லாவற்றையும் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுவந்து அதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். இதுதான் உண்மையான பரீட்சை. கூட்டிய வோல்ட்டில் ஓடி, வழமை நிலையில் நின்றுவிடும் பெட்டி தேய்ந்த பெட்டி. நிற்காவிட்டாலும் விண்டோஸின் ஈவென்ட் வியூவரைத் திறந்து டபிள்யூ.எச்.ஈ.ஏ. என்ற பெயரில் புரொசஸர் தவறுகள் பதிவாகி இருக்கின்றனவா என்று பாருங்கள். வெளியில் தெரியாமல் உள்ளே திருத்திக்கொண்ட பிழைகள் அங்கே எழுதப்பட்டிருக்கும். இவ்வளவுக்கும் ஒன்றரை மணித்தியாலம் போதும்.

உத்தரவாதத்தை மறந்துவிடக் கூடாது. இன்டெல்லும் ஏஎம்டியும் ஓவர்குளொக்கால் வந்த சேதத்துக்கு உத்தரவாதம் கொடுப்பதில்லை. இதற்கென இன்டெல் தனியாக விற்ற காப்புத் திட்டமும் 2021 இல் நிறுத்தப்பட்டது. அப்படியான பெட்டிக்கு நீங்கள் மூன்று மாத உத்தரவாதம் எழுதிக் கொடுத்தால் அது முழுக்க உங்கள் சட்டைப்பைக்குத்தான் பாரம். மாறாக, மேலே சொன்ன இன்டெல் 13, 14 ஆம் தலைமுறைக்குப் பெட்டியோடு விற்றவற்றின் உத்தரவாதம் மூன்றில் இருந்து ஐந்து வருடமாக நீட்டப்பட்டது. எனவே அவற்றை வாங்கும்போது பழைய பில்லையும், புரொசஸர் வந்த பெட்டியையும் கேட்டு வாங்குங்கள். அந்தக் கடதாசிக்கே ஒரு விலை உண்டு.

விற்கும்போது, ஐபு தெரிந்தால் வாங்குபவரிடம் சொல்லாமல் மறைப்பது நமக்கு ஆகாது என்பதை இந்தப் பத்திரிகை வாசகருக்கு நான் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. அதை எப்படிச் சொல்வது என்பதில்தான் சிலருக்குத் தயக்கம். வாயால் சொன்னது மூன்று கிழமையில் மறந்துபோகும். பில்லிலேயே எழுதுங்கள்: "புரொசஸர் முன்பு ஓவர்குளொக் செய்து பாவிக்கப்பட்டது. தொழிற்சாலை நிலையில் அரை மணித்தியாலம் சோதிக்கப்பட்டது. முழு வேலையில் வீகோர் இவ்வளவு, சூடு இவ்வளவு." இரண்டு இலக்கங்களையும் திகதியையும் போட்டு, வாங்குபவரின் கையெழுத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டி திரும்பி வந்தால் முதல் வேலையாக அதே சோதனையைச் செய்து, இலக்கங்களைப் பில்லோடு ஒப்பிடுங்கள். வீகோர் பில்லில் உள்ளதைவிடக் கூடியிருந்தால் பயோஸைத் திறந்து, யாராவது கையால் மாற்றினார்களா என்று பாருங்கள். வீகோர் அதேயளவில் இருந்து சூடு மட்டும் ஏறியிருந்தால், தூசு பிடித்த விசிறியும் காய்ந்துபோன தேர்மல் பேஸ்டும்தான் அநேகமாகக் காரணம்.